தோண்டாமல் காணும் செல்வம்



திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டில் தர்பூசணி வாங்கச் செல்பவர் என்ன செய்கிறார்? பழத்தை விரலால் தட்டி, எழும் ஓசையைச் செவியால் அளக்கிறார். தேங்காய் வாங்குபவரோ காதருகில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். அறுக்காமலும் உடைக்காமலும் உள்ளிருப்பதை அறிவதே இருவர்தம் நோக்கமும். இதே நோக்கத்துடன் நிலத்தை ஆராயும் கலைக்குப் புவி இயற்பியல் அளவாய்வு என்று பெயர். செம்பையும் பொன்னையும் தேடுவதற்கு அது எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இன்று சொல்ல விரும்புகிறேன்.

உலகில் வெட்டியெடுக்கப்படும் செம்பில் பாதிக்கு மேற்பட்டது 'போர்ஃபிரி' எனப்படும் படிவுகளிலிருந்தே கிடைக்கிறது. நிலத்தின் ஆழத்தில் பாறைக்குழம்பு ஆறி இறுகும்போது, அதிலிருந்து வெளிப்படும் வெப்பம் மிக்க கரைசல்கள் பாறைகளைப் பிளந்துகொண்டு மேலேறுகின்றன. அவ்வெடிப்புகளில் செம்பும், சிலவிடங்களில் பொன்னும் படிகின்றன. ஆயினும் இப்பொன் கட்டியாகக் கிடைப்பதன்று. ஒரு டன் பாறையில் 5 கிலோ செம்பும் அரை கிராம் பொன்னும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு பவுன், அதாவது 8 கிராம் பொன் பெற, 16 டன் பாறையை உடைத்து அரைக்க வேண்டும். உடன் கிடைக்கும் செம்பு 80 கிலோ. இத்துணைப் பெரிய முயற்சியைக் குருட்டாம்போக்கில் தொடங்கலாமா? ஆகவேதான் அளவாய்வு முதலில் நடைபெறுகிறது.

முதலாவது, காந்த அளவாய்வு. பொன் மிகுந்த போர்ஃபிரிப் படிவுகள் பலவற்றின் நடுப்பகுதியில் மாக்னடைட் என்னும் காந்தக் கனிமம் செறிந்திருக்கும். அதனைச் சூழ்ந்த பகுதியிலோ, கரைசல்கள் அக்கனிமத்தை அழித்திருக்கும். ஆகவே விமானத்திலோ தரையிலோ காந்தமானியைக் கொண்டுசென்றால், நடுவில் மிகுதியும் சுற்றிலும் குறைவும் தென்படக்கூடும்.

இரண்டாவது, மின்னளவாய்வு. பிரெஞ்சு அறிஞர் கொன்ராடு ஷ்லம்பர்கர் 1912ஆம் ஆண்டில் நிலத்தில் மின்சாரம் செலுத்திச் சோதனைகள் செய்தார். அவ்வழியில் வளர்ந்த ஒரு முறை இது: மின்சாரத்தைச் செலுத்திச் சட்டென்று நிறுத்துவார்கள். நிலத்தில் சல்ஃபைடு கனிமத் துகள்கள் தூவினாற்போல் கலந்திருந்தால், மின்னழுத்தம் உடனே மறையாது. அடித்த கோயில் மணியின் நாதம்போல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கும். அத்தேய்வே உள்ளிருக்கும் துகள்களுக்குச் சான்று.

இங்கேதான், மாணவர்களே, நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அந்நாதம் மிக வலுவாக ஒலிக்குமிடம் செம்பு மிகுந்த இடமாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்! செம்புப் பகுதியைச் சூழ்ந்து, பைரைட் என்னும் இரும்புச் சல்ஃபைடு ஒரு வளையம்போல் அமைந்திருப்பது வழக்கம். பொன்போல் மின்னினும் அது பொன்னன்று. கருவியோ அவ்வளையத்தையே உரக்கக் காட்டும். ஒரு கருவியின் சாட்சியை மட்டும் நம்பித் துளையிட்டவர், வளையத்தைத் துளைத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்புவார். காந்தமும் மின்சாரமும், பாறையின் நிறமும், மண்ணின் வேதியியலும் ஒருங்கே சொல்வதைக் கேட்டு, வளையத்தின் நடுவே எங்குத் துளையிடுவது என்று முடிவு செய்பவரே அறிஞர். இறுதித் தீர்ப்பை வழங்குவது துளைக்கருவி கொணரும் கல்லே.

போர்ஃபிரிப் படிவுகள் ஆண்டீஸ் போன்ற இளமையான மலைத்தொடர்களில் மிகுதி. நம் தீபகற்பமோ மிகத் தொன்மையான நிலம். எனினும் மத்தியப் பிரதேசத்தின் பாலாகாட் மாவட்டத்தில் மலஞ்ச்கண்ட் என்னும் பெரிய செம்புச் சுரங்கம் உண்டு. ஹிந்துஸ்தான் காப்பர் நிறுவனம் 1982 முதல் அங்குத் தாது எடுத்து வருகிறது. கருங்கல்லின் நடுவே வெண்ணிறப் படிகக்கல் வில்போல் வளைந்து கிடக்க, அதில் செம்பு படிந்துள்ளது. சுமார் 250 கோடி ஆண்டுத் தொன்மையுடைய இதனைப் போர்ஃபிரி வகை என்பார் சிலர். மறுப்பார் வேறு சிலர். அறிவியலில் இத்தகைய வழக்குகள் ஆரவாரத்தால் தீர்வதில்லை, அளவீடுகளால் தீர்கின்றன.

நம் நாடு தனக்கு வேண்டிய செம்புத் தாதுவில் பெரும்பகுதியை இன்றும் வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது. எஞ்சியிருக்கும் புதையல்கள் ஆழத்தில் மறைந்துள்ளன. பொருந்தாவிடத்தில் தோண்டினால் பொருள் வீணாவதோடு, உழவர் நிலமும் காடும் கெடும். ஆகவே பௌதிக வகுப்பில் காந்தமும் மின்சாரமும் பயிலும்போது, அவை தேர்வுக்கு மட்டும் உரியவை என்று கருதாதீர்கள். நிலத்தைக் காயப்படுத்துமுன் அதனிடம் வினவும் மொழி அவை. விடையைப் பொறுமையுடன் கேட்கவும், ஒன்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை ஒப்பிடவும் பழகுங்கள்.