கந்தகத்தின் செலவு யார் கணக்கில்?



தூத்துக்குடியைப் பற்றிப் பேசுவதில் இயக்கத்தில் எவருக்கும் தயக்கம் இல்லை. அங்கே எதிரி தெளிவாகத் தெரிகிறான். இரத்தினகிரி விவசாயிகள் 1993இல் விரட்டிய தாமிர உருக்காலையைத் தமிழகம் வரவேற்றது. தாது உருகும்போது எழும் கந்தக டை-ஆக்சைடைப் பிடித்து அமிலமாக்க வேண்டும். பிடிபடாதது ஊராரின் நுரையீரலுக்குப் போகும். 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஸ்டெர்லைட் மீது 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது, ஆலையை மூடவில்லை. 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிர் தந்த பிறகே கதவு அடைபட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று வேதாந்தாவின் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

திருவனந்தபுரத்துத் தோழர்களுக்கு இதைவிடக் கடினமான கேள்வி கொச்சுவேளியில் இருக்கிறது. 1946இல் தொடங்கப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை கேரள அரசின் பொதுத்துறைச் சொத்து. கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுத்த இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கரைத்துப் பெயிண்டுக்கான வெள்ளை நிறமியை அது தயாரிக்கிறது. நிறமி பிரிந்தபின் இரும்பும் மிச்ச அமிலமும் கழிவுநீரில் தங்கும். சுண்ணாம்பிட்டு அமிலத்தை முறிக்காமல் வெளியேற்றினால் கடலோரம் பழுப்பாகும். நெடுங்காலம் அக்கழிவு வேளிக் கடலில்தான் கலந்தது. 2021 பிப்ரவரியில் உலை எண்ணெய் கசிந்து வேளி, சங்குமுகம் கரைகள் கறுத்தன.

ஆலை தனியாருடையதா அரசுடையதா என்று மீனுக்குத் தெரியாது. பொதுத்துறையைக் காப்பது வேறு, அதன் கழிவுக்குச் சாக்குச் சொல்வது வேறு. தனியார் ஆலையில் சுத்திகரிப்புச் செலவை இலாபம் விழுங்குகிறது. அரசு ஆலையிலோ நட்டக் கணக்கைக் காட்டி அது ஒத்திவைக்கப்படுகிறது. இரண்டிலும் மிச்சப்படும் பணம் கடலோரக் குடிசைகளிலிருந்து எடுக்கப்பட்டதே.

சம்பளமா, கடலா என்று கேட்டு மதிலுக்கு உள்ளே இருப்பவனையும் வெளியே வலை வீசுபவனையும் மோதவிடுவது நிர்வாகங்களுக்குப் பழகிய வித்தை. தூத்துக்குடியில் ஆலை மூடியபோது ஒப்பந்தத் தொழிலாளர் வேலை இழந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அமில ஆவியை முதலில் சுவாசிப்பவன் ஆலைத் தொழிலாளியே. ஆகவே இக்கோரிக்கையைத் தொழிற்சங்கமே எழுப்ப வேண்டும்: அமிலத்தை முறிக்கும் செலவு, கூலியைப் போலவே உற்பத்திச் செலவில் சேரட்டும், வெளியேறும் நீரின் அமிலத்தன்மை அன்றாடம் ஆலை வாயிலில் எழுதப்படட்டும், அதைச் சரிபார்க்கும் குழுவில் வேளி மீனவர்களும் அமரட்டும்.