அணையின் பாதுகாப்பு, யாருடைய பாதுகாப்பு?



நான் குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரத்தில் வளர்ந்தவன். அப்பா, அம்மா இருவரும் விசைத்தறித் தொழிலாளர்கள். மேட்டூரில் 16 கண் மதகைத் திறந்தால் எங்கள் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ வரும். "தாழ்வான பகுதியில் வசிப்பவர்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகும். எந்த இடம், எப்படிப் போவது என்று அது சொன்னதே இல்லை.

மேட்டூர் அணை 1934இல் திறக்கப்பட்டது. 120 அடி, 93.47 டிஎம்சி. தொண்ணூறு வயதைக் கடந்த அந்த அணை உறுதியாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இதே காவிரியில், 1836இல் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் போனதைப் பார்த்தோம்.

ஆனால் அணை உடையாமலே எங்கள் வீடுகள் மூழ்குகின்றன, தோழர்களே. அணையைக் காப்பாற்றத் திறந்துவிடும் உபரி நீரே போதும். 2018, 2022, 2024 என்று வெள்ளம் வந்துகொண்டே இருக்கிறது. ஒருமுறை எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். மறுநாள் சோறு வாங்கப் போன என் அம்மாவிடம், "நீங்க தனியா உட்காருங்க" என்றார் ஒருவர். வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும் ஒன்றாகத்தான் வந்தது. பந்தி மட்டும் இரண்டாக இருந்தது.

'ஏன் ஆற்றோரம் குடியிருக்கிறீர்கள்?' என்று கேட்கிறார்கள். மேட்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம், பழைய அணைகளுக்கும் 5 ஆண்டுகளுக்குள் அவசரகாலச் செயல்திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அந்தக் கெடு 2026 டிசம்பர். அந்தத் திட்டம் கோப்பில் தூங்கக்கூடாது. எவ்வளவு நீர் திறந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்ற வரைபடம் தமிழில் எங்கள் தெருவில் ஒட்டப்பட வேண்டும். முகாமில் சாதி பார்ப்பவர் மீது வழக்குப் பாய வேண்டும். தறிக்கு நடந்து போகும் தூரத்தில், மேட்டில், பட்டாவோடு வீடு வேண்டும். ஊருக்கு வெளியே இன்னொரு சேரி கட்டித் தந்தால் ஏற்கமாட்டோம்.

அணையின் சுவரைச் சோதிப்பவர்கள் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் தண்ணீர்க் கறையையும் வந்து அளக்கட்டும்.

ஜெய் பீம்.