சடங்கோடு முடியாத பேச்சு



பிள்ளை பெரியபிள்ளையானால் கரடியனாற்றில் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்துச் சடங்கு செய்கிறோம். அதோடு பேச்சு நின்றுவிடுகிறது. ஓமோன்களின் வேலையோ நிற்பதில்லை.

சூலகம் சுரக்கும் ஈஸ்திரஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிப்பாக்கும். சூல் வெளியேறியபின் புரோஜெஸ்தரோன் அதைத் தாங்கும். கரு தங்காவிட்டால் இரண்டும் குறைந்து உதிரம் போகும்.

இது ஒழுங்காக முதல் இரண்டு, மூன்று வருடம் எடுக்கலாம், பயம் வேண்டாம். ஆனால் 90 நாளாகியும் வராவிட்டாலோ, 7 நாளுக்கு மேல் போனாலோ வைத்தியரிடம் கூட்டிவாருங்கள். "கலியாணம் முடிந்தால் சரியாகும்" என்று வைத்திருக்காதீர்கள். தைரொயிட் கோளாறுக்கும் சூலக நீர்க்கட்டிக்கும் கலியாணம் மருந்தல்ல.

என் வயதுத் தோழிகளே, மாதவிடாய் நின்று ஒரு வருடத்தின் பின் துளி உதிரம் கண்டாலும் தாமதிக்காமல் வாருங்கள்.