வயிறும் ஓர் அமானிதம்

புகழனைத்தும் நமக்கு உணவையும் உடல்நலத்தையும் வழங்கிய வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

ஓர் உணவுப் பொருள் நம் கைக்கு வந்தால் நாம் முதலில் கேட்பது, இது ஹலாலா என்பதுதான். இறைச்சிக் கடையில் கேட்கிறோம். பயணத்தில் உணவகத்தில் கேட்கிறோம். பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்துக் கேட்கிறோம். கேட்க வேண்டிய கேள்விதான் அது. ஆனால் அத்தோடு நம் கேள்வி முடிந்துவிடுகிறது. அந்த ஹலாலான உணவு எந்த அளவுக்கு என் வயிற்றுக்குள் போக வேண்டும்? என் வீட்டு விருந்தாளியின் தட்டில் எந்த அளவுக்கு நான் வைக்க வேண்டும்? இதை நாம் கேட்பதில்லை. திருமறையோ, உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே இடத்தில் வீண் விரயத்தைத் தடுக்கிறது. அனுமதியும் அளவும் ஒன்றாகவே அருளப்பட்டுள்ளன.

ஒரு வலீமா விருந்து

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வலீமாவில் நடந்ததைச் சொல்கிறேன். பந்தியில் என் அருகில் ஒரு பெரியவர் அமர்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. பிரியாணியைக் கொஞ்சமாக உண்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். பரிமாறியவர்கள் விடவில்லை. "என்ன மாமா, எங்கள் வீட்டுச் சாப்பாடு பிடிக்கவில்லையா?" என்று மீண்டும் வைத்தார்கள். பிரட் அல்வா வந்தது. வேண்டாம் என்று கையால் மறைத்தார். "இன்று ஒரு நாள்தானே" என்று சொல்லி வைக்கச் செய்தவர்களில் நானும் ஒருவன். மனம் நோகக் கூடாதே என்று அவர் உண்டார்.

பின்னர் அவருடைய காலில் ஆறாத புண் வந்து, ஒரு விரலை எடுக்க நேர்ந்தது. நலம் விசாரிக்கச் சென்றபோது அவர் யாரையும் குறை கூறவில்லை. "வாரம் ஒரு விருந்து, எல்லா இடத்திலும் இன்று ஒரு நாள்தானே என்றார்கள்" என்று மட்டும் சொன்னார். அந்த ஓர் அல்வாத் துண்டு அவருடைய விரலைப் பறித்தது என்று நான் கூறவில்லை. ஆயினும் அந்தச் சொல் என் உள்ளத்தை விட்டு இன்றுவரை அகலவில்லை.

மூன்றில் ஒரு பங்கு

அன்பிற்குரியவர்களே! மிக்தாம் பின் மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவித்து, திர்மிதீயில் இடம்பெற்றுள்ள நபிமொழி நாம் அறிந்ததே. முதுகெலும்பை நிமிர்த்தி நிற்கச் செய்யும் சில கவளங்களே மனிதனுக்குப் போதும். அதற்கு மேல் உண்டே தீர வேண்டுமெனில் வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் இருக்கட்டும் என்பது அதன் கருத்து.

இந்த வழிகாட்டலின் அருமை, உணவு செரிக்கும் விதத்தை அறிந்தால் இன்னும் நன்றாக விளங்கும். செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. உமிழ்நீரில் உள்ள நொதி சோற்றின் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. மென்று உண்ணாதவர் அந்த வேலையையும் வயிற்றின் மீது சுமத்துகிறார். வெறும் வயிறாக இருக்கும்போது சுருங்கியிருக்கும் இரைப்பை, உணவு வர வர ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளும் அளவுக்கு விரிகிறது. அங்கு அமிலத்தோடு கலந்து பிசையப்பட்ட உணவு, சிறிது சிறிதாகச் சுமார் 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலுக்குச் செல்கிறது. கல்லீரலின் பித்தநீரும் கணையநீரும் அங்கே வந்து சேர்கின்றன. சத்துகள் அங்கிருந்தே இரத்தத்தில் கலக்கின்றன.

போதும் என்ற செய்தி மூளையை நன்கு எட்டுவதற்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகும். பத்தே நிமிடத்தில் உண்டு முடிப்பவருக்கு அந்தச் செய்தி வருவதற்குள் தேவைக்கு மேல் உள்ளே போய்விடுகிறது. வயிறு முட்டும் முன்பே கையை எடுப்பதும், நிதானமாக உண்பதும் உடலுக்கு ஏன் நன்மை என்பது இதிலிருந்து புரிகிறது.

நம்மைச் சூழ்ந்துள்ள நோய்

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் இனிப்பும் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் சேர்கின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின்தான் அதை உயிரணுக்களுக்குள் செலுத்துகிறது. உணவு மிகுந்து, உழைப்புக் குறைந்து, வயிற்றில் கொழுப்புச் சேரும்போது இன்சுலினின் வேலை தடைபடுகிறது. பரம்பரையும் ஒரு காரணமே. ஆனால் பரம்பரையை நாம் மாற்ற முடியாது, தட்டை மாற்றலாம். சர்க்கரை பல்லாண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால் கால் நரம்புகள் உணர்விழக்கின்றன. முள் குத்தினாலும் தெரிவதில்லை. அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது அதுதான்.

2023ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவு நோயாளிகள் என மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது வயது வந்தோரில் 100 பேருக்கு 14 பேர். அப்படியானால் 100 பேர் அமரும் ஒரு பந்தியில் எத்தனை பேரை நாம் வற்புறுத்துகிறோம் என்று எண்ணிப் பாருங்கள்.

வற்புறுத்தாத விருந்து

விருந்தோம்பல் ஈமானின் அடையாளம், அதில் ஐயமில்லை. ஆனால் விருந்தோம்பலுக்கு முன்மாதிரி யார்? அன்னை மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் நபி (ஸல்) அவர்கள் முன் பொரித்த உடும்பு இறைச்சி வைக்கப்பட்டது. அது ஹராமல்ல, தம் ஊரில் வழக்கமில்லாததால் மனம் விரும்பவில்லை என்று கூறி அவர்கள் உண்ணவில்லை. உடனிருந்த காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் அதை எடுத்து உண்டார்கள். உண்ணாதவர் உண்பவரைத் தடுக்கவில்லை. உண்பவர் உண்ணாதவரை வற்புறுத்தவுமில்லை. ஹலாலானதையும் ஒருவர் வேண்டாம் எனலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

தூய்மையான உணவு எது?

திருமறை ஹலாலோடு தய்யிபையும், அதாவது நல்லதையும் சேர்த்தே கூறுகிறது. தீட்டிய வெள்ளையரிசியும் ஹலால்தான். ஆனால் 1890களில் ஜாவா தீவில் பணியாற்றிய எய்க்மான் என்ற மருத்துவர், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசி கொடுத்ததும் தேறுவதையும் கண்டார். தவிட்டோடு போய்விட்ட தயமின் என்னும் உயிர்ச்சத்தே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அதே பெரிபெரி நோயை ஆராய 1918இல் நம் குன்னூரில் தொடங்கப்பட்ட சிறு பிரிவுதான், இன்று ஹைதராபாதில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்துள்ளது.

எனவே தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ இறைச்சியோ போதும். மாவுச்சத்து ஒரு கிராம் 4 கலோரி தருகையில் எண்ணெயும் நெய்யும் 9 கலோரி தருகின்றன என்பதைப் பொரிக்கும்போது நினைவில் கொள்வோம்.

அளவுக்கு இரு பக்கங்கள்

மிகுதி மட்டுமல்ல, குறைவும் அளவு மீறலே. பல வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் உண்ட பின் மீதமிருப்பதே பெண்களுக்குக் கிடைக்கிறது. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இறைச்சித் துண்டும் முட்டையும் முதலில் அவர்கள் தட்டுக்குச் செல்லட்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அது குறையும்.

ரமலானிலும் இந்த அளவு வேண்டும். அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு சமோசாவும் வடையும், பிறகு பிரியாணியும் சேர்ந்தால் பகலெல்லாம் ஓய்ந்திருந்த வயிறு என்ன செய்யும்? சர்க்கரை நோயாளிகள் ரமலானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மருந்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளட்டும். நோயாளிக்குச் சலுகை அளித்தவன் அல்லாஹ்வே. அதை ஏற்பதில் வெட்கமில்லை.

இன்றே தொடங்குவோம்

சகோதரர்களே! இந்த உடல் நமக்குச் சொந்தமன்று. திரும்பக் கேட்கப்படும் அமானிதம். நம் விருந்தாளியின் உடலும் அப்படியே. அடுத்த விருந்தில் ஒருவர் "போதும்" என்று சொன்னால் அந்த ஒரு சொல்லை மதிப்போம். காரணம் கேட்க வேண்டாம். நோயைச் சபையில் சொல்ல வைக்க வேண்டாம். இனிப்போடு வெட்டிய பழமும் வைப்போம். மீதமான உணவைப் பசித்தவருக்குச் சேர்ப்போம். அன்று அந்தப் பெரியவரின் கையை விலக்கி அல்வா வைத்த பந்தி, நம் மஹல்லாவில் இனியொரு முறை நடவாதிருக்கட்டும்.

அளவறிந்து உண்ணவும், பிறர் நலம் அறிந்து பரிமாறவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.