வீட்டு நாயின் கழிவும் வீட்டுக் கிணறும்

(கழக்கூட்டத்தில் நடைபெற்ற குடியிருப்போர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வீட்டுக் கழிவை வீட்டிலேயே எருவாக்க வேண்டும் என்று இந்நகரத்தாருக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டில் விளப்பில்சாலையில் தொடங்கிய குப்பை ஆலையை எதிர்த்து அவ்வூர் மக்கள் நெடுநாள் போராடினர். 2011 டிசம்பரில் அதன் கதவு அடைபட்டது. நகரத்தின் குப்பை செல்லுமிடம் இன்றி நின்றபோதுதான் சமையலறைத் தொட்டிகளும், தும்பூர்முழி மாதிரிக் கூடங்களும் திருவனந்தபுரத்தில் பரவலாயின. 2010இல் மாநகராட்சியுடன் இணைந்த கழக்கூட்டமும் அந்தப் பாடத்தை உடனிருந்து கற்றது. காய்கறித் தோலும் மீன் செதிலும் எருவாகி மொட்டை மாடியில் கீரையாகவும் மிளகாயாகவும் திரும்பி வருகின்றன.

இப்பொழுது பலர் கேட்கும் கேள்வி இது: வளர்ப்பு நாயின் கழிவையும் அதே தொட்டியில் இடலாமா? இடலாகாது என்பதே என் விடை. அப்படியாயின் அதை எருவாக்கவே இயலாதா என்றால், இயலும். ஆனால் தனித்து நிற்கும் ஒரு வீட்டால் அதனைச் செம்மையாகச் செய்தல் கடினம். இந்த இரண்டுக்கும் உரிய காரணங்களைச் சொல்லவே வந்தேன்.

பசுவின் சாணத்தை நாம் முற்றத்தில் தெளிக்கிறோம். நாயின் கழிவைக் கண்டால் முகம் சுளிக்கிறோம். இதில் வெறும் அருவருப்பு மட்டும் இல்லை. புல் தின்னும் விலங்கின் சாணம் நார்ப்பொருள் நிறைந்தது. இறைச்சியும் மீனும் உண்ணும் நாயின் கழிவிலோ நைட்ரஜன் மிகுதி. தனியே கிடந்தால் மக்குவதற்கு முன் அழுகி நாறும். எனினும் நாற்றம் சிறு குறையே. பெருங்குறை அதிலுள்ள புழு முட்டைகள். நாயின் குடலில் வாழும் உருண்டைப் புழுவின் முட்டை புதிய கழிவில் தீங்கற்றது. மண்ணில் இரண்டு முதல் நான்கு வாரம் கிடந்த பின்னரே அது நோய் தரும் நிலையை எய்துகிறது. பின்பு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். மண்ணளைந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுள் சென்றால் அதன் இளம் புழு ஈரலுக்குச் செல்லும். சில வேளைகளில் கண்ணுக்குச் சென்று பார்வையையே கெடுக்கும். கொக்கிப் புழுவின் வழி வேறு. ஈரமும் நிழலும் உள்ள மணலில் அதன் இளம் புழு ஒரு வாரத்திற்குள் உருவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். கடலோர மணலும், இரு பருவ மழையும், தென்னை நிழலும் உள்ள நம் பகுதி அதற்கு எவ்வளவு வாய்ப்பானது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இம்முட்டைகளை அழிப்பது வெப்பம். குவியலின் உள்ளே 60 டிகிரி சென்டிகிரேட் அளவில் வெப்பம் எழுந்து சில நாட்கள் நிலைக்க வேண்டும். சமையலறைப் பானையில் அது நிலைப்பதில்லை. மண்புழு உரத் தொட்டியில் அறவே எழாது. எழுந்தால் மண்புழுவே மடிந்துவிடும்! ஆகவே அங்கே கழிவு கறுத்து, மணமற்று, நல்ல எருவைப் போலவே தோன்றும். முட்டைகள் மட்டும் உயிரோடிருக்கும். கண்ணை ஏமாற்றும் இந்த எருவே எல்லாவற்றிலும் அபாயமானது.

இத்துறையில் முறையாக ஆய்ந்தவர்கள் நம்மினும் வேறான தட்பவெப்பத்தில் வாழ்பவர்கள். அலாஸ்காவில் பனிவண்டி இழுக்கும் நாய்கள் கொட்டில் கொட்டிலாக வளர்க்கப்படுகின்றன. அங்கு ஃபேர்பேங்க்ஸ் நகரின் மண், நீர்ப் பாதுகாப்பு அமைப்பு 1991இல் இக்கழிவை எருவாக்கிப் பார்த்தது. அந்த அனுபவத்தை அமெரிக்க வேளாண்மைத் துறை 2005இல் கையேடாக வெளியிட்டது. இரண்டு பங்கு கழிவு, ஒரு பங்கு மரத்தூள், பிழிந்த துணியளவு ஈரம், வெப்பம் தணியும்போது கிளறிவிடுதல், முறை இவ்வளவே. உறைபனி நாட்டிலும் குவியல் சூடேறியது. காரணம், அவர்களிடம் இருந்தவை பல நாய்கள்.

நம் வீட்டில் இருப்பதோ ஒன்று. நடுத்தர நாயொன்றின் கழிவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிராம். ஆண்டுக்கு 100 கிலோவுக்குச் சற்று மேல். இது அள்ளி எறிந்து மறந்துவிடக்கூடிய அளவன்று. ஆனால் நாள்தோறும் ஓரிரு கைப்பிடியாகச் சேர்வதால் குவியல் சூடேறும் அளவும் அன்று.

இடமும் ஒரு சிக்கல். கழிவுக்குழி, குப்பைக்குழி முதலியவை குடிநீர்க் கிணற்றிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. ஐந்து சென்ட் மனை ஏறக்குறைய 200 சதுர மீட்டர். சதுரமாயின் பக்கத்திற்கு 14 மீட்டர். அதில் வீடும் கிணறும் போக, அண்டை வீட்டுக் கிணற்றையும் தவிர்த்துக் குழி தோண்ட எங்கே இடம்? மதிலுக்கு அப்புறம் இருக்கும் கிணற்றை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதே இல்லை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி வரும் தாழ்வான மனைகளில் குழி என்பதையே மறந்துவிடுங்கள்.

ஆதலால் என் யோசனை, இருபது வீடுகளுக்குப் பொதுவாக ஒரு கூடம். கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய தும்பூர்முழி மாதிரி நமக்குப் பழக்கமானதே: நான்கடி நீள அகல உயரம், காற்றுப் புக இடைவெளி விட்ட சுவர், அடியில் பசுஞ்சாணம், அதன்மேல் காய்ந்த இலை, அதன்மேல் கழிவு. அதே அமைப்பில் நாய்க் கழிவுக்கு மட்டுமாக ஒன்றைத் தனியே நிறுத்தலாம். ஒவ்வொரு வீட்டிலும் மூடியுள்ள வாளியொன்றில் நாள்தோறும் அள்ளி, தென்னை நார்த்துகளைத் தூவி வைக்க வேண்டும். நம் கடற்கரையில் அத்துகளுக்குப் பஞ்சமில்லை. ஈரத்தையும் நன்கு உறிஞ்சும். வாரம் ஒருமுறை கூடத்தில் சேர்த்தால் 40 கிலோ வரை கிடைக்கும். அதனுடன் சாணமும் புல்லும் இலையும் அடுக்கினால் வெப்பம் எழ வழியுண்டு. எழுந்ததா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யாமல், நீண்ட தண்டுள்ள வெப்பமானியால் அளந்து குறித்து வைக்க வேண்டும். அளவு எட்டாத குவியலை மேலும் ஓராண்டு மூடி வைப்பது நலம். எட்டினாலும் அந்த எரு செம்பருத்திக்கும் குரோட்டனுக்கும்தான். கீரைக்கோ கிழங்குக்கோ ஆகாது. தெருநாய்களின் கழிவை இக்கூடம் தீர்க்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கூடம் அமையும் வரை இரண்டு காரியங்கள் இன்றே தொடங்கலாம். கழிவை நாள்தோறும் அள்ளிவிட்டால், முட்டை நோய் தரும் பருவத்தை எய்துமுன் முற்றம் தூய்மையாகும். இரண்டாவது, கால்நடை மருத்துவரைக் கேட்டு நாய்க்குக் காலந்தவறாமல் பூச்சி மருந்து கொடுத்தல். குட்டிகளைச் சிறப்பாகக் கவனியுங்கள். தாயின் வயிற்றிலிருக்கும்போதே உருண்டைப் புழு அவற்றைப் பற்றிவிடுகிறது, ஆதலால் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே மருந்து தொடங்க வேண்டியுள்ளது. கூடத்திற்கு மேட்டு நிலமாகப் பார்த்து, தரையில் சிமெண்ட் பூசி, மேலே கூரையும் இட வேண்டும். அப்பணி இடவப்பாதி மழைக்கு முன், மே மாதத்திற்குள் முடிந்தாக வேண்டும்.