பென்சிலுக்கு முன் கை

(முன்பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஆசிரியருமல்ல, வைத்தியருமல்ல. நிறுவனத்தின் தொடர்பாடல் உத்தியோகத்தர். படிவம் நிரப்புவதற்காக உங்கள் வீடுகளுக்கு வரும்போது, வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறேன். "பிள்ளைக்கு நாலரை வயது. முகாமிலே ஒழுங்காப் படிக்கேல்லை. வாற தையிலே ஆண்டு ஒன்றுக்குப் போகவேணும். இன்னும் 'அ' எழுதத் தெரியாது. என்ன செய்யிறது?"

இந்தப் பயம் நியாயமானது. 1990இல் தீவகத்தை விட்டு யாழ்ப்பாணத்துக்குப் போனவர்கள், 1995இல் அங்கிருந்தும் வன்னிக்குப் போனவர்கள், கடல் கடந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள் உங்களுக்குள்ளே இருக்கிறீர்கள். உங்களில் பலருடைய படிப்பே இடையில் நின்றுபோனது. பிள்ளைக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று கொப்பியும் பென்சிலும் வாங்கி, பிள்ளையைப் பிடித்து இருத்தி எழுதுவிக்கிறீர்கள். எழுதாவிட்டால் விரலிலே ஒரு அடி. இதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே குருத்தெலும்பு. மூன்று வயதில் இரண்டு மூன்றுதான் எலும்பாகத் தொடங்கியிருக்கும். மற்றவை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல முற்றும். அந்தக் கையால் நேர்கோட்டுக்குள் எழுத முடியவில்லை என்றால் அது சோம்பலுமல்ல, மொக்குத்தனமுமல்ல. கை இன்னும் ஆயத்தமாகவில்லை, அவ்வளவுதான்.

இது எங்கள் முன்னோருக்குத் தெரிந்த விஷயம்தான். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது பிள்ளையின் கையிலே பென்சிலைக் கொடுப்பதில்லையே. விரலைப் பிடித்துப் பச்சரிசியிலேதான் எழுதுவிக்கிறோம். அந்த ஒரு நாளோடு அரிசியை எடுத்து வைத்துவிட்டுக் கொப்பிக்குத் தாவுவதுதான் பிழை. முற்றத்து மணலைக் கொஞ்சம் நனைத்து, தினமும் பத்து நிமிடம் விரலால் கீற விடுங்கள். முதலில் வட்டம், கோடு, மீன், வள்ளம். எழுத்து பிறகு வரட்டும். பிழைத்தால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். கொப்பியில் பிழைத்தால் சிவப்புக் கோடு. மணலில் அது இல்லை. அதிரும் சத்தம் கேட்டாலே ஒடுங்கிப்போகிற பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல் என்பதைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது குசினி. ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு சின்ன உருண்டை பிள்ளைக்கு. உருட்டட்டும், தட்டட்டும், பிய்க்கட்டும். ஆடிப்பிறப்புக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போது பக்கத்தில் இருத்துங்கள். ஓரத்தை நுள்ளி ஒட்டுகிறோமே, அதற்கு வேண்டிய பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும்தான் நாளைக்குப் பென்சிலையும் பிடிக்கப் போகின்றன. சுளகிலே பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கவிடலாம். பத்துக் கல் எடுத்தால் பத்து வரை எண்ணியும் ஆகிவிட்டது. சிரட்டையால் தண்ணீர் மொண்டு இன்னொரு சிரட்டையில் ஊற்றலாம். சட்டைத் தெறியைத் தானே பூட்டட்டும். பாடசாலைக்கு நேரமாகிறது என்று நாம்தான் பூட்டிவிடுகிறோம். பத்து நிமிடம் முன்னதாக எழுப்பினால் போதும்.

முன்பள்ளியை நாங்கள் மொண்டிசோரி என்றும் சொல்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் விலைகூடிய மரச்சாமான்கள் நினைவுக்கு வரும். மரியா மொண்டிசோரி 1907இல் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கியது றோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில். தானியம் ஊற்றுவது, தெறி பூட்டுவது எல்லாம் அங்கே பாடமாகவே இருந்தன. ஆகவே கடைச் சாமான் இல்லையே என்று யாரும் மனம் நோக வேண்டாம்.

சாமான் தீவிலேயே கிடக்கிறது. நெடுந்தீவில் பவளக் கற்களைச் சாந்து இல்லாமலே அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். எந்தக் கல் எதன்மேல் நிற்கும் என்று கையால் அறிந்து செய்த வேலை அது. கைக்கு அடங்கும் கற்களைப் பிள்ளையும் அடுக்கிப் பார்க்கலாம். கடற்கரைச் சோகிகளைப் பெரிது சிறிதாகப் பிரிக்கலாம். அப்பாமார் வலை பொத்தும்போது ஒரு துண்டுக் கயிறு கொடுத்து முடிச்சுப் போடக் காட்டுங்கள். நாலு வயதுக்கு மேல் என்றால் சார்வோலையை வார்ந்து, ஈர்க்கு நீக்கி, ஒன்று மேலே ஒன்று கீழே என்று தடுக்கு இழைக்கலாம். இதற்கு அம்மம்மாமாரை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை. ஓலை இழைப்பு மறந்துபோகிறது என்று கவலைப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

இனி, விளையாட்டில்லாத விஷயம். சாமான் பொறுக்கப் பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். நீங்கள் கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்திலும், ஆட்கள் வழமையாகப் புழங்கும் கரையிலும் மட்டும், பெரியவர் ஒருவரோடு. பற்றை பிடித்த வளவுகளில் கட்டு இடிந்த கிணறு இருக்கலாம். துருப்பிடித்த இரும்பு, குழாய், பந்து போன்ற எதைக் கண்டாலும் தொடாதே, கிட்டப் போகாதே, வந்த வழியே திரும்பி வந்து சொல் என்று பழக்குங்கள். பிறகு கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். குன்றிமணி வடிவாக இருக்கும், ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எண்ணுவதற்குப் புளியங்கொட்டை போதும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். வாயிலும் மூக்கிலும் போட்டுவிடும்.

இடக்கையால் செய்கிற பிள்ளையை வலக்கைக்கு மாற்றாதீர்கள். ஆனால் ஒரு வயது ஆகுமுன்பே ஒரு கையை மட்டும் பாவித்து மற்றக் கையை அசைக்காமல் வைத்திருந்தாலோ, மூன்று வயதாகியும் கரண்டி பிடிக்கச் சிரமப்பட்டாலோ குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஊரைவிட்டுத் திரிந்த காலத்தில் கிளினிக் கொப்பி தொலைந்திருந்தால் அதையும் அவரிடமே சொல்லலாம். புதிதாகப் பதிவார்கள்.

திங்கட்கிழமை பிள்ளையை முன்பள்ளிக்குக் கூட்டிவரும்போது வீட்டுக்கு இரண்டு சிரட்டை கொண்டுவாருங்கள். தும்பைச் சுரண்டி, விளிம்பைக் கல்லில் தேய்த்துத் தந்தால் நல்லது. கை கீறாமல் இருக்கும்.