சிலந்தி இல்லாமல் சிலந்திப் பட்டு



பட்டுப்புழுவை மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வசப்படுத்திக்கொண்டான். முசுக்கட்டை இலையைத் தின்று, ஒரே தட்டில் கூட்டமாக வாழும் சாதுவான பிராணி அது. சிலந்தி அவ்வாறன்று. பல சிலந்திகளை ஓரிடத்தில் அடைத்தால், ஒன்றையொன்று தின்றுவிடும். அது தொங்குவதற்கு விடும் இழையோ, அதே எடையுள்ள எஃகுக் கம்பியைவிட வலிமை வாய்ந்தது. இழுத்தால் நீண்டுகொடுக்கும் இயல்பும் உடையது.

இவ்விழையால் ஆடை நெய்தவர்களும் உண்டு. மடகாஸ்கர் தீவில் சைமன் பியர்ஸ், நிக்கலஸ் காட்லி என்னும் இருவர், காட்டுச் சிலந்திகளைப் பிடித்து நூல் எடுத்தபின் மீண்டும் விட்டுவிடும் முறையில் ஒரு மேலங்கி செய்வித்தனர். 2012-ஆம் ஆண்டில் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் வைக்கப்பட்ட அந்த ஓர் ஆடைக்கு 12 லட்சம் சிலந்திகள் தேவைப்பட்டன.

ஆகவே விஞ்ஞானிகள் வேறு வழி தேடினர். இழை என்பது ஒருவகைப் புரதம். அதன் அமைப்பைக் கூறும் ஏடு சிலந்தியின் ஜீன். அந்த ஏட்டின் ஒரு பகுதியை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராண்டி லூயிஸ் குழுவினர் 1990-இல் படித்து வெளியிட்டனர். இனி அதை வேறோர் உயிரில் புகுத்திப் புரதத்தைப் பெறலாம் அல்லவா?

உயிரணு ஜீனின் செய்தியைப் படித்துப் புரதத்தைக் கோக்கும் செயலுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் ‘மொழிபெயர்ப்பு’ என்பதே. அத்தொழிலிலேயே காலம் கழிக்கும் எனக்கு, இப்பெயர் மிகப் பொருத்தமாகவே படுகிறது. இரண்டிலும் இடர்ப்பாடுகள் ஒன்றே.

கனடாவின் நெக்ஸியா நிறுவனம் பாலூட்டிகளின் உயிரணுக்களில் உண்டாக்கிய புரதத்திலிருந்து நூல் நூற்ற செய்தி 2002-இல் வெளியாயிற்று. ஆட்டுப் பாலிலும் அப்புரதத்தைச் சுரக்கச் செய்தனர். ஆயினும் நூலின் இழுவலிமை இயற்கை இழைக்குக் குறைவாகவே இருந்தது. புரதம் மூலத்தினும் குறுகியது. சுருக்கி மொழிபெயர்த்த நூலைப் போன்றது.

முழு நீளத்தையும் எழுத முற்பட்டபோது சொற்பஞ்சம் நேர்ந்தது. சிலந்திப் புரதத்தில் கிளைசின் என்னும் ஒரே பொருள் ஏறக்குறையப் பாதியளவு திரும்பத் திரும்ப வருகிறது. பாக்டீரியாவிடம் அதைக் கொண்டுவந்து சேர்க்கும் வசதி போதவில்லை. தென் கொரியாவின் சாங் யுப் லீ குழுவினர் அவ்வசதியைப் பெருக்கி, 2010-இல் இயற்கை அளவுள்ள புரதத்தையே பெற்றனர்.

புரதம் கிடைத்தால் மட்டும் நூல் ஆகிவிடாது. சிலந்தியின் உடலிலுள்ள நுண்குழாயில் செல்லும்போது அமிலத்தன்மை கூடி, நீர் விலகி, இழுபட்டு, அக்குழம்பு இழையாகிறது. இம்முறையைப் பின்பற்றி ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள நூலை நூற்றதாக 2017-இல் அறிவித்தனர்.

2007-இல் தோன்றிய ஜப்பானின் ஸ்பைபர் நிறுவனம் 2015-இல் ஒரு குளிர்ச்சட்டையின் மாதிரியைக் காட்டியது. ஆனால் சிலந்தி இழை நீரில் நனைந்தால் சுருங்கும். பனியில் நனைந்த வலை தளராமலிருக்க இக்குணம் உதவுவதாகக் கருதுகின்றனர். மழையில் அணியும் சட்டைக்கு அது ஆகுமா? எனவே புரதத்தையே மாற்றியமைத்து, 2019-இல்தான் அச்சட்டையைச் சிறு எண்ணிக்கையில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

மூலத்தை அப்படியே பெயர்ப்பதா, பயன்படுத்துவோரின் தேவைக்கேற்பத் திருத்துவதா என்னும் கேள்வி ஆய்வுக்கூடத்திலும் எழுந்துவிட்டது. அறுவை மருத்துவரின் தையல் நூலுக்கு ஒரு விடையும், நாம் உடுத்தும் ஆடைக்கு வேறொரு விடையும் பொருந்தக்கூடும். எதற்காகச் செய்கிறோம் என்பதை முதலில் தெளிந்துகொள்வதே முறை.